ஜெனரேட்டர் ஓடுகிறது, வண்டிக்குள் கரண்ட் சரியில்லை: மோட்டார்ஹோமில் கோளாறு தேடும் முழு வழிகாட்டி

ஜெனரேட்டர் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கும். வண்டிக்குள் போனால் விளக்கு துடிக்கும். பேட்டரி சார்ஜர் பத்து நிமிடம் ஏற்றிவிட்டு 'டக்' என்று விட்டுவிடும். ஏசி ஒரு முறை முக்கிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். இன்னும் சில வண்டிகளில், மின்சாரம் உள்ளே நுழையும் இடத்திலேயே இருக்கும் பாதுகாப்புக் கருவி ஒரு பிழை எண்ணைக் காட்டி, உள்ளே எதையும் விடாது. அதே வண்டியைக் கேம்ப் தளத்தின் மின் இணைப்பில் மாட்டினால் எல்லாம் ஒழுங்காக ஓடும். உடனே எடுக்கப்படும் முடிவு: ஜெனரேட்டர் சின்னது, பெரிதாக ஒன்று வாங்க வேண்டும்.

கொஞ்சம் பொறுங்கள். பெரியது வாங்கிய பிறகும் அதே பிழை எண் வந்து நிற்கலாம். 'கரண்ட் சரியில்லை' என்ற ஒரே புகாருக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன: வோல்டேஜ், அதிர்வெண், அலையின் வடிவம், நியூட்ரலும் எர்த்தும் சேரும் விதம். பெரிய ஜெனரேட்டர் முதல் இரண்டுக்கு ஓரளவு உதவும். மூன்றாவதற்குச் சில நேரம் உதவும். நான்காவதற்கு உதவவே உதவாது. ஆகவே எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்கு ஜெனரேட்டரின் சாக்கெட்டில் தொடங்கி, ஒவ்வொரு கட்டமாக வண்டிக்குள் நகர வேண்டும். உள்ளிருந்து வெளியே தேடினால் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

பொது மின் இணைப்பின் பின்னால் மிகப் பெரிய சுழலும் இயந்திரங்கள் இருக்கின்றன. உங்கள் ஏசி தொடங்குவது அவற்றுக்குத் தெரியக்கூடத் தெரியாது. உங்கள் ஜெனரேட்டரில் இருப்பதோ ஒரு சிறிய எஞ்சின். கம்ப்ரசர் இழுக்கும் கணத்தில் எஞ்சினின் வேகம் இறங்கும். வேகம் இறங்கினால் அதிர்வெண்ணும் இறங்கும், பல மாடல்களில் வோல்டேஜும் சேர்ந்து இறங்கும்.

சாதாரண ஜெனரேட்டர்களில் எஞ்சின் வேகமும் அதிர்வெண்ணும் நேரடியாகப் பிணைந்தவை. இரண்டு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்றில் 50 ஹெர்ட்ஸ் தரும், 3600 சுற்றில் 60 ஹெர்ட்ஸ். நான்கு துருவமானால் 1500, 1800. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வேறு வகை. அதில் எஞ்சின் தரும் மின்சாரத்தை முதலில் டிசியாக்கி, பிறகு எலக்ட்ரானிக்ஸ் மூலம் புதிதாக மாறுமின்சார அலையை உண்டாக்குகிறார்கள். எனவே எஞ்சின் மெதுவாக ஓடினாலும் அதிர்வெண் மாறாது. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் மேலே போகாதீர்கள். கீழே சொல்லும் பாதி விஷயங்கள் ஒரு வகைக்கு மட்டுமே பொருந்தும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ட்ரூ ஆர்எம்எஸ் வகை மல்டிமீட்டர் ஒன்று, அதில் ஹெர்ட்ஸ் அளக்கும் வசதியும் இருக்கட்டும். முடிந்தால், கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர். 1000 முதல் 1500 வாட் வரையிலான ஒரு ஹீட்டர் அல்லது மின்கெட்டில். மலிவான மீட்டர்கள் அலை சுத்தமான சைன் அலை என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். ஜெனரேட்டரின் கோணல் அலையில் அவை காட்டும் வோல்டேஜை நம்ப முடியாது. ஹெர்ட்ஸ் காட்டும் பிளக்-இன் வாட் மீட்டர் கையில் இருந்தால் அது இன்னும் வசதி, கம்பி முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு பற்றி இரண்டே விஷயம். ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை, நிறமில்லை. சோதனைதானே என்று ஜன்னலுக்கு அடியில் வைத்து ஓட்டாதீர்கள், வண்டிக்குள் அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது, பெட்டியைத் திறந்து கம்பிகளைத் தொட வேண்டிய வேலை எதுவானாலும் ஜெனரேட்டரையும் வண்டியின் இன்வெர்ட்டரையும் (பேட்டரியிலிருந்து வீட்டு மின்சாரம் தரும் கருவி) அணைத்த பிறகே. இன்வெர்ட்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளி மின்சாரம் போனதும் அது தானாகவே உள் வயரிங்குக்கு உயிர் கொடுத்துவிடும்.

படி 1: கோளாறு எப்போது வருகிறது?

மீட்டரை எடுக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி வேலை இதிலேயே முடியும்.

மாட்டிய உடனேயே, ஒரு சாதனமும் போடாமலே, பாதுகாப்புக் கருவி மறுக்கிறதா? நியூட்ரல்-எர்த் விஷயமாக இருக்க வாய்ப்பு அதிகம், படி 3-க்குப் போகலாம். ஏசி தொடங்கும் அந்த ஒரு வினாடியில் மட்டும் வருகிறதா? அது தொடக்க மின்னோட்டம். விளக்குகள் மூச்சு விடுவதுபோல ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றனவா? எஞ்சின் சீராக ஓடவில்லை. மற்ற எல்லாம் நன்றாக ஓடி, சார்ஜர் மட்டும் முரண்டு பிடிக்கிறதா? அலையின் வடிவம் அல்லது சார்ஜர் செட்டிங். ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்து வருகிறதா? எங்கோ ஒரு இணைப்பு சூடாகிறது, அல்லது ஜெனரேட்டர் தாங்கும் அளவுக்கு மேல் தொடர்ந்து இழுக்கப்படுகிறது.

ஒரு சின்ன விஷயம். வெளி இணைப்பா ஜெனரேட்டரா என்று மாற்றிக் கொடுக்க, பல வண்டிகளில் உள்ள டிரான்ஸ்ஃபர் சுவிட்ச், ஜெனரேட்டர் மின்சாரத்தை உடனே உள்ளே விடாது. எஞ்சின் நிலைப்படட்டும் என்று 20, 30 வினாடி காத்திருக்கும். அந்த இடைவெளியைக் கோளாறு என்று எண்ணி ஸ்டார்ட், ஸ்டாப் என்று மாற்றி மாற்றி அழுத்துபவர்கள் உண்டு.

படி 2: வண்டியைக் கழற்றிவிட்டு அளக்கவும்

ஜெனரேட்டரிலிருந்து வண்டியின் கேபிளைக் கழற்றுங்கள். எஞ்சின் ஐந்து நிமிடம் ஓடிச் சூடாகட்டும், சோக் முழுதாகத் திறந்திருக்கட்டும். ஈக்கோ சுவிட்ச் (இழுப்பு குறைவானபோது எஞ்சின் வேகத்தைக் குறைப்பது) இருந்தால் அணைத்துவிடுங்கள். இப்போது ஜெனரேட்டரின் சாக்கெட்டிலேயே வோல்டேஜும் ஹெர்ட்ஸும் அளந்து எழுதுங்கள்.

230 வோல்ட் நாடுகளில் 207-க்கும் 253-க்கும் இடையே இருந்தால் ஏற்கத்தக்கது. 120 வோல்ட் நாடுகளில் 114 முதல் 126 வரை நல்ல நிலை. சாதாரண ஜெனரேட்டரில் லோடு இல்லாதபோது அதிர்வெண் சற்று அதிகமாகவே இருக்கும், 50-க்கு 52, 60-க்கு 62 என்று. லோடு ஏறும்போது இறங்கி வந்து சரியான இடத்தில் நிற்பதற்காக, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை அப்படித்தான் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பதறி ஸ்க்ரூவைத் திருப்பிவிடாதீர்கள்.

இனி இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள், தனித்தனியாக அல்ல. ஹெர்ட்ஸும் குறைவு, வோல்டேஜும் குறைவு என்றால் எஞ்சின் வேகமாக ஓடவில்லை, கோளாறு எஞ்சின் பக்கம். ஹெர்ட்ஸ் சரியாக இருந்து வோல்டேஜ் மட்டும் குறைவு என்றால் எஞ்சினில் குறை இல்லை. ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக்கும் கருவி), கார்பன் பிரஷ், கெபாசிட்டர் வகை மாடலானால் கெபாசிட்டர், இவற்றில் ஒன்றுதான் போயிருக்கும். இந்தப் பிரிவு தெரியாமல் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து ஒரு நாளை வீணாக்கலாம், அல்லது நல்ல ஏவிஆரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். வோல்டேஜ் குறைகிறதே என்று கவர்னரைத் திருப்பி வேகத்தை ஏற்றுவது இன்னும் மோசம். வோல்டேஜ் ஓரளவு ஏறும், அதிர்வெண்ணோ எல்லை தாண்டிப் போகும்.

கெபாசிட்டரைத் தொடுவதாக இருந்தால், எஞ்சின் நின்ற பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பது நினைவிருக்கட்டும். சரியாக டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாவிட்டால் கடையில் கொடுத்துவிடுவது நல்லது.

மீட்டர் இல்லாத நேரத்துக்கு ஒரு குறுக்கு வழி. சில மைக்ரோவேவ்களின் கடிகாரம் மின்சார அலைகளை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. 50 ஹெர்ட்ஸுக்கு அமைந்த கடிகாரம் 52 ஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 2 நிமிடம் 24 வினாடி முந்திக்கொள்ளும். கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டால் அதிர்வெண் ஏறக்குறையத் தெரிந்துவிடும். குவார்ட்ஸ் வைத்த கடிகாரங்களில் இது நடக்காது.

படி 3: நியூட்ரலும் எர்த்தும்

அதிகம் குழப்புவது இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பொது மின் இணைப்பில் நியூட்ரல் கம்பி எங்கோ ஓரிடத்தில் எர்த்தோடு சேர்க்கப்பட்டிருக்கும். அதனால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் பூஜ்யத்துக்கு அருகில் வரும். கையில் தூக்கிப்போகும் ஜெனரேட்டர்களில் பலவற்றில் இந்த இணைப்பு இல்லை. இரண்டு கம்பிகளும் எர்த்தோடு சம்பந்தமில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். ஹீட்டருக்கோ சார்ஜருக்கோ இது ஒரு பொருட்டே இல்லை. மோட்டார்ஹோமின் பாதுகாப்புக் கருவி அப்படி விடாது. எர்த் துண்டிக்கப்பட்டிருக்கிறது, அல்லது கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன என்று முடிவு செய்து கதவை அடைத்துவிடும்.

சோதிப்பது எளிது. சாக்கெட்டில் மூன்று அளவுகள்: ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த். 230, 230, 0 என்று வந்தால் இணைப்பு இருக்கிறது. 230 வந்து, மற்ற இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதியாக, அதாவது 115 வாக்கில் நின்றால் நியூட்ரல் மிதக்கிறது. 120 வோல்ட் மெஷினில் அந்தப் பாதி 60. சில நேரம் சரிபாதியாக இல்லாமல் ஏதேதோ எண்கள் வரும். அந்த மிச்ச வோல்டேஜ், சாதனங்களுக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கசிந்து வருவது. சார்ஜில் இருக்கும் லேப்டாப்பின் உலோக உடலைத் தடவினால் லேசாகக் கூசுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இதற்கு நியூட்ரல்-எர்த் இணைப்பு பிளக் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சாதாரண பிளக்தான். அதற்குள் நியூட்ரல் பின்னையும் எர்த் பின்னையும் ஒரு கம்பியால் சேர்த்திருப்பார்கள். ஜெனரேட்டரில் காலியாக இருக்கும் இன்னொரு சாக்கெட்டில் அதைச் செருகினால், இரண்டு சாக்கெட்டுகளும் உள்ளே ஒரே வயரிங்கில் இருக்கும் மெஷின்களில் இணைப்பு உண்டாகிவிடும். பாதுகாப்புக் கருவியும் வழிவிடும். இங்கே சில எச்சரிக்கைகள். உங்கள் ஜெனரேட்டரின் கையேடு இதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்தப் பக்கமும் செருகக்கூடிய வகை பிளக்கில் நியூட்ரல் எது என்பதே நிச்சயமில்லை, அங்கே இந்த வேலையை மின் பணியாளரிடம் விடுங்கள். இரண்டு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களை இணைத்து ஓட்டினால் ஒன்றில் மட்டும் செருக வேண்டும். அந்த பிளக்குக்குப் பளிச்சென்று ஒரு வண்ண டேப் சுற்றி வையுங்கள், வேறு எந்த சாக்கெட்டிலும் யாரும் தவறிச் செருகக்கூடாது.

இந்த இணைப்பை வண்டிக்குள், பிரேக்கர் பெட்டியில் செய்யவே கூடாது. ஜெனரேட்டரில் ஓடும்போது எல்லாம் நன்றாகத்தான் தெரியும். பிறகு ஒரு நாள் பொது மின் இணைப்பில் மாட்டும்போது, நியூட்ரலில் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் கம்பி வழியாகவும் போகும். அது வண்டியின் உலோக உடலோடு இணைந்த கம்பி. வெளியே நியூட்ரல் கம்பியும் எர்த் கம்பியும் விட்டுப்போனால் வண்டியின் உடலே ஷாக் அடிக்கும். இணைப்பு எப்போதும் மின்சாரம் பிறக்கும் இடத்தில், ஒரே ஒரு இடத்தில். வண்டியிலேயே பொருத்தி வரும் ஜெனரேட்டர்களில் இதைப் பொதுவாகத் தொழிற்சாலையிலேயே செய்துவிடுவார்கள். டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்து மாற்றிக் கொடுப்பதும் இதற்காகத்தான்.

தரையில் கம்பி அடித்தால் சரியாகுமே என்று சொல்பவர்கள் நிறைய. ஆகாது. ஜெனரேட்டரின் உடலை மண்ணோடு இணைப்பது ஒன்று, நியூட்ரலை உடலோடு இணைப்பது வேறொன்று. எத்தனை கம்பி அடித்தாலும் மிதக்கும் நியூட்ரல் மிதந்துகொண்டேதான் இருக்கும்.

ஆர்சிடியின் (எர்த் கசிவு வந்தால் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்தினால் ட்ரிப் ஆகிறதே, அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். அந்தப் பொத்தான், உள்ளேயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக மின்னோட்டத்தை விட்டுப் பார்க்கிறது. எர்த் கம்பி இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதே இல்லை. நியூட்ரல் மிதக்கும்போது உண்மையான எர்த் கசிவு நடந்தாலும் மின்னோட்டம் திரும்பி வரப் பாதை இல்லாததால் ஆர்சிடி சும்மா இருந்துவிடும்.

120/240 வோல்ட் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு கால்களிலும் (இரண்டு 120 வோல்ட் ஃபேஸ் கம்பிகளிலும்) தனித்தனியாக அளந்து, ஒன்றில் 150, மற்றதில் 90 என்பதுபோல வந்தால், நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. அடுத்த அளவு எடுக்க நிற்காமல் உடனே அணையுங்கள். டிவியும் சார்ஜரும் புகைவதற்குச் சில வினாடிகள் போதும்.

படி 4: ஹீட்டரை வைத்து லோடு சோதனை

ஹீட்டரும் கெட்டிலும் நேர்மையான லோடு. இழுக்க வேண்டியதை நேராக இழுக்கும், அலையைக் கெடுக்காது. எனவே ஜெனரேட்டரின் உண்மையான பலத்தை அவற்றில்தான் பார்க்க வேண்டும். அதன் தொடர் திறனில் (நிற்காமல் தரக்கூடிய அளவில்) பாதிக்கு மேல், முக்கால் வரை லோடு கொடுங்கள்.

முதலில் ஹீட்டரை ஜெனரேட்டரிலேயே செருகி, பக்கத்து சாக்கெட்டில் அளவு எடுங்கள். பிறகு வண்டியின் கேபிளை மாட்டி, அதே ஹீட்டரை வண்டிக்குள் ஓட்டி, ஜெனரேட்டர் முனையிலும் வண்டி முனையிலும் அளவு எடுங்கள். ஜெனரேட்டர் முனையிலேயே இறங்கினால் குறை அங்கே. அங்கே நின்று, வண்டி முனையில் மட்டும் இறங்கினால் நடுவில் உள்ள கேபிள் அல்லது இணைப்பு தின்றுவிடுகிறது.

கேபிள் எவ்வளவு தின்னும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.0074 ஓம். 25 மீட்டர் கேபிளில் போகவும் வரவுமாக 50 மீட்டர், ஆக 0.37 ஓம். ஏசி ஓடும்போது 15 ஆம்பியர் என்றால் இழப்பு ஐந்தரை வோல்ட். பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் 120 வோல்ட் கூரை ஏசி ஒன்று தொடங்கும் கணத்தில் 60 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. அந்தக் கணத்தில் இதே கேபிளில் 22 வோல்ட் காணாமல் போகும். அதுவே 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 36 வோல்ட். ஜெனரேட்டர் ஒரு வோல்ட்கூட இறங்காமல் நின்றாலும் ஏசிக்கு 84 வோல்ட்தான் போய்ச் சேரும், அதில் கம்ப்ரசர் நகராது. சாதாரண மீட்டர் இந்த வீழ்ச்சியைப் பிடிக்காது, குறைந்தபட்ச அளவைப் பதிவு செய்யும் பொத்தான் உள்ள மீட்டரில்தான் தெரியும். 230 வோல்ட் வண்டியில் அதே வேலைக்குப் பாதி மின்னோட்டமே போதும் என்பதால் கேபிள் அவ்வளவு பாடாய்ப் படுத்தாது.

ஆகவே சத்தத்துக்குப் பயந்து ஜெனரேட்டரைத் தூரத்தில் வைப்பவர்கள் கேபிளின் தடிமனைக் கூட்ட வேண்டும். சுருளில் சுற்றியபடியே கேபிளைப் பயன்படுத்தாதீர்கள், வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகிவிடும். பத்து நிமிடம் லோடில் ஓடிய பிறகு ஜெனரேட்டரை அணைத்து, ஒவ்வொரு பிளக்கையும் அடாப்டரையும் கையால் தொட்டுப் பாருங்கள். கேபிள் முழுக்க வெதுவெதுப்பாக இருந்தால் கம்பி மெல்லியது. ஓரிடத்தில் மட்டும் சுட்டால் அந்த இணைப்புதான் குற்றவாளி. பின்கள் பழுப்பேறியிருக்கும், பிளாஸ்டிக் லேசாக வளைந்திருக்கும். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

படி 5: எஞ்சின் ஏறி இறங்கினால்

மெக்கானிக்குகள் இதை ஹன்ட்டிங் என்பார்கள். லோடு மாறாமலே எஞ்சின் சத்தம் ஏறும், இறங்கும், மீண்டும் ஏறும். மீட்டரில் ஹெர்ட்ஸ் அதற்கேற்ப ஆடும். பெட்ரோல் மெஷினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பழைய எரிபொருளும், அது உலர்ந்து அடைத்த கார்புரேட்டர் ஜெட்டும். ஒரு சோதனை: ஆடிக்கொண்டிருக்கும்போது சோக்கைக் கொஞ்சமாக மூடுங்கள். ஆட்டம் நின்றால் எரிபொருள் போதவில்லை என்று பொருள். ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது காற்று எங்கோ தப்பாக நுழைகிறது. டீசலில் அடைத்த ஃபில்டரும் குழாயில் புகுந்த காற்றும் இதே ஆட்டத்தைத் தரும். எல்பிஜியில் ரெகுலேட்டரைப் பாருங்கள்.

வண்டியோடு வரும் ஜெனரேட்டர் வண்டியின் டாங்கிலிருந்தே எரிபொருள் எடுத்தால், அதன் உறிஞ்சுகுழாயை வேண்டுமென்றே டாங்கின் அடியைத் தொடாமல் விட்டிருப்பார்கள். டாங்க் கால்வாசிக்குக் கீழே போனதும் ஜெனரேட்டர் தடுமாறி நின்றுவிடும். நடுக்காட்டில் வண்டியை ஓட்டிப் போகவாவது எரிபொருள் மிஞ்சட்டும் என்ற ஏற்பாடு அது. எரிபொருள் தீரும் நேரத்தில் வோல்டேஜும் அதிர்வெண்ணும் தாறுமாறாக ஏறி இறங்கும், எனவே தீரும்வரை லோடோடு ஓட விடாதீர்கள்.

படி 6: சார்ஜர் மட்டும் முரண்டு பிடித்தால்

என்னைக் கேட்டால், லித்தியம் பேட்டரிக்கு மாறிய வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஈய அமில பேட்டரி நிறைய நிறைய இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கிட்டத்தட்ட கடைசிவரை முழு மின்னோட்டத்தையும் வாங்கிக்கொண்டே இருக்கும். 100 ஆம்பியர் சார்ஜர் 14 வோல்ட்டில் 1400 வாட் கொடுக்கிறது. 85 சதவீதத் திறனில் அதற்கு 1650 வாட் உள்ளே வர வேண்டும். பவர் ஃபேக்டர் (சுமக்கும் மின்சாரத்தில் உண்மையில் பயன்படும் பங்கு) திருத்தம் இல்லாத சார்ஜரானால் அது 0.7 வாக்கில் இருக்கும். அப்போது ஜெனரேட்டர் சுமப்பது சுமார் 2350 விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு). பெட்டியில் 2000 என்று எழுதியிருக்கும் ஜெனரேட்டர் 1400 வாட் சார்ஜருக்கே ஏன் திணறுகிறது என்பதற்கு இதுதான் விடை.

இன்னொரு பக்கம், அலையின் வடிவம். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் அலைச் சிதைவு பெரும்பாலும் 3 சதவீதத்துக்குள் இருக்கும். சாதாரண வகையில் 10 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத சார்ஜர்கள் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தைப் பிடுங்கும். 230 வோல்ட் சுத்த சைன் அலையின் உச்சி 325 வோல்ட், 120-க்கு 170. எல்லா இழுப்பும் அந்த உச்சியிலேயே விழுவதால் உச்சி தட்டையாகிறது. தட்டையான அலையைப் பார்த்து அதே சார்ஜர் கோளாறு என்று விலகிக்கொள்கிறது. தானே கெடுத்துவிட்டுத் தானே குறை சொல்லும் கதை. மீட்டர் 228 வோல்ட் என்று நல்லபிள்ளையாகக் காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் மீட்டர் காட்டும் ஆர்எம்எஸ் அளவு ஒருவகைச் சராசரி, அதில் உச்சி தெரியாது.

முதல் மருந்து, சார்ஜ் மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைப்பது. அப்போது நிலையாக நின்றால், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, விலகும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். இன்வெர்ட்டர்-சார்ஜர் சேர்ந்த கருவிகளில் உள்ளீட்டு மின்னோட்ட வரம்பு என்று தனியாக ஒரு செட்டிங் இருக்கும். அதை ஜெனரேட்டரின் தொடர் திறனுக்கு ஏற்ப வையுங்கள், பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் உச்சத் திறனுக்கு அல்ல.

விக்ட்ரான் மல்டிபிளஸ் போன்ற இன்வெர்ட்டர்-சார்ஜர்களில் இன்னும் மூன்று செட்டிங்குகள் உதவும். யுபிஎஸ் செயல்பாடு என்பது அலையின் வடிவத்தை உடனுக்குடன் பார்த்து, பிடிக்காவிட்டால் பேட்டரிக்குத் தாவிவிடும். ஜெனரேட்டரில் அதை அணைத்தால் தாவல்கள் குறையும், ஆனால் உண்மையாகவே மின்சாரம் போகும்போது மாறுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். வீக் ஏசி (இங்கே ஏசி என்பது மாறுமின்சாரம்) என்பது கோணலான அலையையும் சார்ஜர் சகித்துக்கொள்ளச் செய்யும். டைனமிக் கரண்ட் லிமிட்டர், சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களுக்கானது. எஞ்சின் வேகம் பிடிக்கும்வரை இழுப்பைக் குறைத்து வைக்கும். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஓட்டிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பழைய வண்டிகளில் ஃபெரோரெசனன்ட் வகை கன்வெர்ட்டர் (டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பாணி சார்ஜர்) இருக்கலாம், கனமாக, 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருக்கும். அதன் வெளியீடு அதிர்வெண்ணைப் பொறுத்தே மாறும். அதை வைத்துக்கொண்டு ஜெனரேட்டரோடு போராடுவதைவிட மாற்றிவிடலாம்.

படி 7: ஏசி தொடங்க மறுத்தால்

ஈக்கோவை அணையுங்கள். சார்ஜரையும் வாட்டர் ஹீட்டரையும் நிறுத்துங்கள். முதலில் விசிறியை மட்டும் ஓட்டி, பிறகு கம்ப்ரசரைத் தொடங்குங்கள். நின்ற கம்ப்ரசரை உடனே தொடங்கக்கூடாது, உள்ளே வாயு அழுத்தம் சமனாக மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் தொடங்கினால் எந்த ஜெனரேட்டரும் திணறும்.

இவ்வளவும் செய்து, கேபிளும் சரியாக இருந்து, அப்போதும் தொடங்கவில்லை என்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்துங்கள். தொடக்க மின்னோட்டத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். பெரிய ஜெனரேட்டருக்குச் செலவழிப்பதற்கு முன் இதைத்தான் யோசிக்க வேண்டும். ஆனால் அது தொடக்கத்துக்கு மட்டுமே உதவும். ஓடத் தொடங்கிய பின் ஏசி இழுக்கும் சக்தி குறையாது. தொடங்கி, ஐந்து நிமிடம் ஓடி, பிறகு ஓவர்லோடு விளக்கு எரிந்தால் உங்கள் ஜெனரேட்டர் உண்மையிலேயே போதாது.

மலை ஏறியதும் வரும் ஏமாற்றத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் சுமார் மூன்று, மூன்றரை சதவீதத் திறனை இழக்கும். 2000 மீட்டர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கீழே நன்றாக ஓடிய ஏசி மேலே தகராறு செய்தால், மெஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

படி 8: வண்டியின் உட்புறம்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, வண்டிக்குள் மட்டும் விட்டு விட்டு வந்தால் டிரான்ஸ்ஃபர் சுவிட்சைத் திறந்து பாருங்கள், வெளி இணைப்பு, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் மூன்றையும் துண்டித்த பிறகு. சாலை அதிர்வில் டெர்மினல் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கும். ரிலே முனைகள் கருகியிருக்கும். குறைந்த வோல்டேஜில் ரிலே படபடவென்று அடித்துக்கொண்டால் முனைகள் சீக்கிரமே போய்விடும், அந்தச் சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள். ஸ்க்ரூக்களைக் கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்கு முறுக்கிவிட்டு, படி 4-ன் ஹீட்டர் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

நுழைவில் உள்ள பாதுகாப்புக் கருவியைச் சந்தேகிக்கும் முன், அதன் எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 120 வோல்ட் வண்டிகளுக்கானவை பொதுவாக 104 வோல்ட்டுக்குக் கீழேயும் 132-க்கு மேலேயும் துண்டிக்கும், பிறகு சிறிது நேரம் காத்திருந்துதான் மீண்டும் விடும். அதை பைபாஸ் செய்து ஓட்டினால் ஓடுகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். குறைந்த வோல்டேஜில் கம்ப்ரசர் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாகும், முறுக்குவிசையோ வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். மின்சாரத்தில் ஓடும் உறிஞ்சு வகை ஃபிரிட்ஜிலும் (கம்ப்ரசர் இல்லாமல் ஹீட்டரின் வெப்பத்தில் குளிரூட்டுவது) இதே கணக்குதான், 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டரின் சக்தி 19 சதவீதம் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போகும்போது எண்களோடு போங்கள்: லோடு இல்லாமல் வோல்டேஜ், ஹெர்ட்ஸ், எத்தனை வாட் ஹீட்டரோடு எவ்வளவு, ஜெனரேட்டர் முனையிலும் வண்டி முனையிலும் தனித்தனியாக, நியூட்ரல்-எர்த் அளவு, பிழை எண், ஓடத் தொடங்கி எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதும். ஹெர்ட்ஸ் எழுதியிருந்தால், எஞ்சின் பக்கமா ஆல்டர்னேட்டர் பக்கமா என்று அவர் மெஷினைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்.